உன் எண்ணை நான் பதிந்து வைத்த விதம்

கண்ணு,

இந்தக் கடிதத்தில் உன் பெயரை எழுதப் போவதில்லை. பாப்பாவின் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்று படிக்கும்போது தெரியும். கவரையும் ஒட்டவில்லை. இதைக் கொண்டு வந்து தருகிறவர் உன் சிநேகிதி டீச்சர். நான்கு மாதமாக நீ முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாயே, அதே டீச்சர். அவர் முதலில் படித்துவிட்டுத்தான் உன் கையில் தர வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். விடுதி வாசலில் அவரைப் பார்த்ததும் நீ உள்ளே போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். போகாதே. நீ மதுக்கரையில் இருந்ததை உன் புருஷனுக்குக் காட்டிக் கொடுத்தது அவர் இல்லை, நான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழப்பையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறி, விடுதி நடத்துகிற கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உன் எதிரே உட்கார்ந்து, காய் விலையையும் மழையையும் பேசிவிட்டுத் திரும்பினேன். உன் புருவத்தின் மேல் இருக்கிற தையல் தழும்பைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன். நாளை மறுநாள் நீயும் பாப்பாவும் ஊரை விட்டே கிளம்புகிறீர்கள். இனி வாரக் கணக்கில் தள்ளிப் போட முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் போனில் ஆயிரத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன என்று நீயே கேலி செய்திருக்கிறாய். மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவனுக்கு வேறு வழியில்லை. பழனிசாமி என்று மட்டும் எழுதி வைத்தால் எந்தப் பழனிசாமி? அதனால் பெயர், ஊர், அந்த ஆளுக்கு ஒரு அடையாளம் என்று மூன்றாகத்தான் பதிவேன். பழனிசாமி காரமடை கறிவேப்பிலை. பழனிசாமி சிறுமுகை வாழை. இப்படி முப்பது வருஷம். முதலில் நோட்டில் எழுதினேன், பிறகு போனில். நோட்டு என் மேஜை டிராயரைத் தாண்டிப் போனதில்லை. போனும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் யாரென்று தெரியாது. "யாருங்க?" என்று கேட்டுவிட்டால் நம் பக்கத்து ஆட்களுக்கு முகம் சுருங்கிவிடும். "என்னையே தெரியலீங்களா?" என்பார்கள், அடுத்த லோடு பக்கத்து மண்டிக்குப் போய்விடும். அதற்காகத்தான், கூப்பிடுகிறவரின் பெயரைத் திரையில் காட்டுகிற அந்தச் செயலியைப் போட்டுக்கொண்டேன். இலவசம் என்றார்கள். போடும்போது என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்பதை அமுக்கினேன். படிக்கவில்லை. படித்திருந்தாலும் அமுக்கியிருப்பேன், அவசரத்தில் இருந்தேன். அன்றிலிருந்து பெயர் சொல்லியே போனை எடுத்தேன். "சொல்லுங்க பழனிசாமி" என்றதும் எதிர்ப்பக்கம் ஒரு சந்தோஷம் தெரியும். எவ்வளவு மரியாதையான ஆள் என்று பெயர் வாங்கினேன். யாரோ முன்பின் தெரியாதவரின் பெயர் என் திரையில் எப்படி வருகிறது, அதை இந்தக் கம்பெனிக்குச் சொன்னது யார் என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் போதும். என்னைப் போல ஒருவன், தன் போனில் இருந்த பெயர்களை எல்லாம் மொத்தமாகக் கொடுத்திருக்கிறான். நானும் கொடுத்திருக்கிறேன்.

எச்சரிக்கை வராமல் இல்லை. கையில் மாவுக்கட்டோடு நீ துடியலூர் மாமியார் வீட்டிலிருந்து வந்தாயே, அந்த வாரம். நீ உள்ளறையில் படுத்திருந்தாய். உன் அம்மா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். நான் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, போனிடம் கேட்டேன். "புருசன் அடிச்சுப்போட்டா பொண்ணு என்ன பண்ணோணும்?" எழுதத் தெம்பில்லை, வாயாலேயே கேட்டேன். இரண்டு நாள் கழித்து மண்டியில் ஒரு விவசாயிக்கு மழை வருமா என்று ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் விவாகரத்து வக்கீல் விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் மறுமணத்துக்கு வரன் பார்க்கும் விளம்பரம். அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, ஊட்ல பொண்ணுக்கு ஏதாச்சுமுங்களா?" நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். சாத்திய கதவுக்குள் கேட்ட கேள்வியை மண்டி வரைக்கும் சுமந்துகொண்டு வந்தது என் சட்டைப் பையில் இருந்த பொருள். அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அந்த அப்பாவி மனிதர் மேல் வந்தது.

அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று கத்த ஆரம்பித்த பிறகுதான் உன்னை இடம் மாற்றினோம். டீச்சர் தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே உனக்கு வேலை சொல்லி வைத்து, மதுக்கரையில் வீடும் பார்த்துக் கொடுத்தார். புது சிம் வாங்கினோம். அந்த எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவரும். பள்ளிக்கூடத்தில்கூட டீச்சரின் எண்ணைத்தான் கொடுத்திருந்தாய். அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லை. என் போனில்தான் பேசிக்கொண்டாள். அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தோம். நீ அந்த எண்ணைச் சொல்லச் சொல்ல, பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நான் போனில் பதிந்தேன். கை தன் பழக்கத்துக்குத் தானே போயிற்று. உன் பெயர். மதுக்கரை. ஸ்கூல்.

மூன்றே சொற்கள். பெற்ற மகளின் எண்ணைக்கூட ஒரு சரக்கு லோடு மாதிரி பதிந்து வைத்திருக்கிறேன்.

பதினான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா அங்கே எழுதக் கற்றாள். நீ சிரிக்க ஆரம்பித்திருந்தாய். அப்போதுதான் உன் மாமனாருக்கு இதய ஆபரேஷன் என்று காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நீ ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானே சொல்கிறேன். உன்னை ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லி வற்புறுத்தியது நான்.

"அந்த மனுசன் உன்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல அம்மணி. படுத்துக் கெடக்கறப்ப ஒரு வார்த்தை கேக்கலீன்னா நல்லாருக்காது."

"நம்பரு அவுங்க கைக்குப் போயிருமுங்கப்பா."

"போனாப் போவுது. பத்து எண்ணு. அதுல ஊரா எழுதியிருக்குது?"

அதில் ஊரைத்தான் எழுதியிருந்தேன். நானே, என் கையால். நீ இரண்டு நிமிஷம் கூடப் பேசவில்லை. மாமியாரிடம் நலம் விசாரித்தாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய். அதற்கு முன்னாலேயே, அதே செயலி இருந்த மாமியார் போனின் திரையில் உன் பெயரும் மதுக்கரையும் ஸ்கூலும் வந்துவிட்டன. நீ 'ஹலோ' சொல்வதற்கு முன்னால்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன், நீதான் அதில் இருந்தாய். அவன் மதுக்கரையில் உள்ள பள்ளிக்கூட வாசல்களில் எல்லாம் மூன்று நாள் மாற்றி மாற்றி நின்றிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. நான்காவது நாள் உன்னை அடித்துத் தள்ளிவிட்டு பாப்பாவை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து போலீஸ் அவளைக் கூட்டி வந்தபோது, உன் சேலை முந்தானையைப் பிடித்த கையை அவள் தூக்கத்திலும் விடவில்லை. இப்போதும் விடுவதில்லை. ஆறு வயதுக் குழந்தை, பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டால் ஒன்றுக்குப் போய்விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

உன்னைத் தள்ளிவிடும்போது அவன் சொன்னானாம், "உன்ற ஆளுகளே காட்டிக் குடுத்துட்டாங்க" என்று. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டாய். எண் தெரிந்தவர் இரண்டு பேர். அப்பா சொல்லியிருக்க மாட்டார். டீச்சர் சுடுதண்ணீர் பிளாஸ்கோடு வந்தபோது, வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, "இனி என்ற மூஞ்சியில முழிக்காதீங்க" என்றாய். அவர் பிளாஸ்கை வைத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று எனக்கும் உண்மை தெரியாது. நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.

எனக்குத் தெரிந்தது அடுத்த வாரம். தையல் பிரிக்கப் போன இடத்திலிருந்து நீ எனக்குக் கூப்பிட்டிருக்கிறாய். என் போனில் சார்ஜ் இல்லை. சின்ன வயதிலிருந்து உனக்கு மனப்பாடமான பக்கத்து மண்டிக்காரரின் எண்ணுக்குக் கூப்பிட்டாய். அவர் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "ஏனுங்க, யாரோ மதுக்கரை ஸ்கூல்னு வருது. நம்ம பொண்ணு பேருங்களா?" என்று திரையைக் காட்டினார். உன் எண் அவரிடம் கிடையாது. அவர் பதிந்ததும் கிடையாது. ஆனால் அங்கே என் மூன்று சொற்களும் இருந்தன, நான் எழுதிய அதே வரிசையில். நான் ஸ்கூலுக்குப் பிறகு ஒரு புள்ளி வைப்பேன், நோட்டுக் காலத்துப் பழக்கம். அந்தப் புள்ளியும் இருந்தது. டீச்சரிடம் இருப்பது பட்டன் போன், அதில் எந்தச் செயலியும் போட முடியாது. எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. நீ போனில் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். "சத்தமா இருக்குது கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அந்த டீச்சரம்மா வயிறெரியுமுங்க. பொண்ணுகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள். தினமும் சொன்னாள். நான் சொல்லவில்லை. உனக்கு உலகத்தில் நம்புவதற்கு மிச்சம் இருப்பது அப்பா ஒருவன்தான், அதையும் பிடுங்கிவிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். இந்தச் செயலியைச் செய்தவர்கள் தெரியாத ஆட்கள், அவர்களுக்கு உன்னையும் தெரியாது. தெரிந்தே உன் சிநேகிதியைப் பழி சுமக்க விட்டவன் நான்.

அழிக்க முயன்றேன். முதலில் என் போனிலிருந்து உன் எண்ணை நீக்கினேன், செயலியையும் நீக்கினேன். பக்கத்து மண்டிக்காரரின் போனில் மறுபடி அடித்துப் பார்த்தேன். அப்படியே வந்தது. கம்பெனிக்கு எழுதினால் நீக்குவார்கள் என்றார்கள். எழுதினேன். எங்களோடு தொடர்பு கொண்டதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அங்கே பெயர் போயிருந்தது, ஆனால் அதைப் போலவே இன்னொரு செயலியில் இருந்தது. எத்தனை இடத்துக்குக் கை மாறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தரகு பார்த்துப் பிழைப்பவன். விவசாயி லோடு இறக்கினால் அவர் முன்னாலேயே ஏலம் விடுவேன், யார் எடுத்தார் என்று அவருக்குத் தெரியும், பிடிக்கவில்லை என்றால் மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகலாம். என் போனிலிருந்து போன லோடு எந்தச் சந்தையில் இறங்கியது, யார் எடுத்தார்கள் என்று கேட்க எனக்கு ஒரு வாசல்கூட இல்லை. திரும்ப ஏற்றவும் முடியாது.

போனது நீ மட்டும் இல்லை. காரமடை சுப்பிரமணியை 'தண்ணி பார்ட்டி' என்று அடையாளம் போட்டு வைத்திருந்தேன். அவர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. மகளுக்கு வரன் பேச அவர் யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அந்தத் திரையில் என்ன வந்திருக்கும் என்று நினைத்தால் என்னால் மண்டியில் உட்கார முடியவில்லை. ஆயிரம் பேரில் ஒருவரிடமாவது, உங்கள் பெயரையும் ஊரையும் எவனிடமோ கொடுக்கப் போகிறேன், சரிங்களா என்று நான் கேட்டேனா? கேட்டிருந்தால் யாராவது சரி என்று சொல்லியிருப்பார்களா?

இப்போது நீ போகிற இடத்துக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றாலும் கேள். புதுப் போனைத் திறந்ததும் பழைய போனில் இருந்ததை எல்லாம் இதில் கொண்டு வரட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல். பாப்பாவின் பழைய படங்களுக்காக மனசு இளகும். அவற்றை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போ. பழைய கணக்கு, பழைய மின்னஞ்சல் எதையும் தொடாதே. நீ எங்கெங்கே போனாய், எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றாய் என்பதை எல்லாம் அது வைத்திருக்கிறது. அவனுக்கு உன் பழைய பாஸ்வேர்டு தெரியும். துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். மரியாதைக்காகச் சொல்லிவிடாதே. நாம் மறுத்துப் பேசிப் பழகாத ஜனம், இல்லை என்று சொன்னால் எதிராளி மனசு நோகுமே என்று பார்ப்போம். உன் விஷயத்தில் அந்த மரியாதை செய்த வேலையைப் பார்த்தாய் அல்லவா? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாப்பாவைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்று முதல் நாளே எழுதிக் கொடு. தலைக்கனம் பிடித்தவள் என்று பேசுவார்கள். பேசட்டும்.

இதெல்லாம் உன் கையில் இருப்பது. உன் கையில் இல்லாததுதான் எனக்குப் பயம். நீ எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், உன் மேல் பிரியம் வைத்த ஒருவர் உன் பெயரைத் தன் போனில் எழுதி வைத்தால் போதும். பகையாளி உன்னைத் தேட வேண்டி இருக்கும். பிரியமானவனிடம் நீயே எண்ணைக் கொடுக்கிறாய். அதனால் புது ஊரில் யாரிடம் எண்ணைக் கொடுத்தாலும், என் பெயரைப் போட்டுப் பதியாதீர்கள் என்று கேட்டுக்கொள். காரணம் கேட்டால் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை டீச்சரைப் பார்க்க மதுக்கரைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் பாப்பா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நானே நம்பிட்டனுங்க, நாந்தா எங்கியோ வாய உட்டுட்டேன்னு. சர்ச்சுல பேசுனனா, பஸ்ஸுல பேசுனனான்னு தெனமும் யோசிச்சுட்டு இருந்தேன். பாவமன்னிப்புக்குக் கூடப் போய்ட்டு வந்தனுங்க" என்றார். செய்யாத ஒன்றுக்கு அந்த மனுஷி மண்டியிட்டிருக்கிறார். நான் கை கூப்பினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். என்னை மன்னித்தாரா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப் போவதில்லை. அவரிடம் நீ பேசினால் போதும்.

கடைசியாக ஒன்று. போகிற ஊரின் பெயரை ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்கிறேன் என்றாய். சொல்லாதே. புது எண்ணையும் தராதே. இரண்டையும் டீச்சரிடம் சொல்லி வை. அவர் விலாசங்களை நோட்டில் எழுதி வைக்கிற ஆள், நான்கு மாதம் பழி சுமந்தாலும் வாய் திறக்காதவர். எனக்கோ அம்மாவுக்கோ ஏதாவது ஆனால் அவர் உனக்குத் தெரியப்படுத்துவார். அப்போதும் யோசித்துவிட்டு வா. வராவிட்டால் நான் வருத்தப்பட மாட்டேன். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு மட்டுமாச்சும் சொல்லச் சொல்லுங்க. நா எங்கயும் எழுதி வெக்க மாட்டனுங்க" என்றாள். அவள் போனை எடுத்துப் பார்த்தேன். பெயர் காட்டுகிற அதே செயலி அதிலும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவளிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவன் உன்னை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தாலும் அவன் பக்கத்து ஆட்கள் வருவார்கள். அவன் பெரியப்பா பதினான்கு மாதமும் மண்டிக்கு வந்து, "பொண்ணு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியும். நீ போன பிறகும் வருவார். உட்கார வைத்து டீ சொல்வேன். அதே கேள்வியைக் கேட்பார். அவர் முகத்தை நேராகப் பார்த்து, தெரியாதுங்க என்று சொல்வேன். இந்தத் தடவை அது நிஜமாக இருக்கும்.

அப்பா